பாஸ்பரஸ் முதல் பாஸ்படேஸ் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகளில் பாதி, உயிர்வேதியியல் வகுப்பில் மாணவர்கள் என்னிடம் கேட்டவை. மீதி, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையோ மருந்துச் சீட்டையோ கையில் வைத்துக்கொண்டு தெரிந்தவர்கள் கேட்டவை. மருத்துவத்தில் "பாஸ்" என்று தொடங்கும் சொற்கள் ஏராளம். எலும்பைக் காக்கும் மருந்தும் அப்படித்தான் தொடங்குகிறது, உயிரை எடுக்கும் நஞ்சும் அப்படித்தான் தொடங்குகிறது. சொல்லின் தலையை மட்டும் பார்த்து முடிவுக்கு வராமல் வாலையும் சேர்த்துப் படித்தால் பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும்.

பாஸ்பரஸும் பாஸ்பேட்டும் ஒன்றுதானே?

இல்லை. பாஸ்பரஸ் ஒரு தனிமம். அணு எண் 15. 1669-இல் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்ற ரசவாதி, தங்கம் கிடைக்கும் என்று நம்பிச் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்தார். கிடைத்தது இருட்டில் ஒளிரும் ஒரு வெள்ளைப் பொருள். கிரேக்க மொழியில் "ஒளி சுமப்பது" என்று பொருள்படும் பெயர் அதற்கு வந்தது. அந்த வெள்ளை பாஸ்பரஸ் காற்றுப் பட்டால் சுமார் 30 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும். அதனால்தான் தண்ணீருக்குள் போட்டு வைக்கிறார்கள்.

நம் உடலில் இருப்பது அது இல்லை, பாஸ்பேட்: ஒரு பாஸ்பரஸ் அணு, அதைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள். இந்த வடிவத்தில் அது எரியாது, ஒளிராது, தண்ணீரில் சாதுவாகக் கரைந்திருக்கும். உடம்பில் பாஸ்பரஸ் தனியாகத் திரிவதே கிடையாது.

அப்புறம் ஏன் லேப் ரிப்போர்ட்டில் "பாஸ்பரஸ்" என்று போடுகிறார்கள்?

அளப்பது பாஸ்பேட்டை, எழுதுவது அதிலுள்ள பாஸ்பரஸின் எடையை. பாஸ்பேட் அயனியின் எடை 95 என்றால் அதில் பாஸ்பரஸின் பங்கு 31. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 2.5 முதல் 4.5 மில்லிகிராம் என்பதும் இந்தப் பாஸ்பரஸ் கணக்குதான். வளரும் குழந்தைகளுக்கு இது இயல்பாகவே கூடுதலாக இருக்கும். குழந்தையின் ரிப்போர்ட்டைப் பெரியவர்களின் அளவோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

இந்தச் சோதனைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் எல்லாப்ரகட சுப்பாராவ். 1925-இல் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து, பாஸ்பேட்டை மாலிப்டேட்டோடு சேர்த்து நீல நிறமாக்கி அளக்கும் முறையை வெளியிட்டார். இன்றைய தானியங்கிக் கருவிகள் பெரும்பாலும் அதே மாலிப்டேட் வினையைத்தான் வேறு வடிவில் பயன்படுத்துகின்றன.

ஒரு நடைமுறை விஷயம்: ரத்தம் எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோ சிவப்பணுக்கள் உடைந்தால், அவற்றுக்குள் இருந்த பாஸ்பேட் வெளியே வந்து அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். எதிர்பாராத உயர்வு என்றால் முதலில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்பதே முறை.

உடலில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது?

பெரியவர் ஒருவருக்குச் சுமார் 700 கிராம். அதில் 85 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் கால்சியத்தோடு சேர்ந்து உறைந்திருக்கிறது. மீதியில் பெரும்பகுதி செல்களுக்குள். ரத்தம் போன்ற செல்லுக்கு வெளியே உள்ள திரவங்களில் சுமார் 1 சதவீதம்தான். ஆகவே ரத்த அளவு சரியாக இருப்பதால் உடலின் மொத்தக் கையிருப்பும் சரி என்று சொல்லிவிட முடியாது.

பாஸ்பேட், பாஸ்போனேட், பாஸ்பைடு, பாஸ்பீன்: எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பாஸ்பரஸின் கையைப் பிடித்திருப்பது யார் என்று பாருங்கள். நான்கு பக்கமும் ஆக்சிஜன் என்றால் பாஸ்பேட். ஓர் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் கார்பன் நேரடியாக ஒட்டியிருந்தால் பாஸ்போனேட். இது சின்ன மாற்றம் போலத் தெரியும், விளைவு பெரியது. பாஸ்பேட்டை வெட்டும் நொதிகள் நம் உடலில் நிறைய உண்டு. கார்பன்-பாஸ்பரஸ் பிணைப்பை அவற்றால் வெட்ட முடியாது. அதனால் பாஸ்போனேட் மருந்துகள் பாஸ்பேட் போல வேடம் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்து, வெட்டுப்படாமல் தங்கிவிடும். சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் ஃபாஸ்போமைசின், ஹெச்ஐவிக்கும் ஹெபடைடிஸ் பிக்கும் தரும் டெனோஃபோவிர் ஆகிய இரண்டிலும் இந்தப் பிணைப்பு உண்டு.

பாஸ்பைடு என்றால் உலோகமும் பாஸ்பரஸும் நேரடியாகச் சேர்ந்தது. தானியக் கிடங்குகளில் பூச்சி கொல்லப் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடில் ஈரம் பட்டால் பாஸ்பீன் கிளம்பும். பாஸ்பீன் என்பது பாஸ்பரஸும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த கொடிய நச்சு வாயு.

போஸ்ஜீன் என்ற போர்க்கால நச்சு வாயுவில் பாஸ்பரஸே இல்லை. கார்பன், ஆக்சிஜன், குளோரின் மட்டும்தான். ஒளியின் உதவியால் உண்டாக்கியதால் அந்தக் கிரேக்கச் சொல் பெயரில் வந்து சேர்ந்தது. தேர்வில் ஆண்டுதோறும் சிலராவது இதில் விழுகிறார்கள்.

டைபாஸ்பேட், பிஸ்பாஸ்பேட், பைரோபாஸ்பேட் மூன்றும் "இரண்டு பாஸ்பேட்" தானே?

எண்ணிக்கை இரண்டுதான், இருக்கும் விதம் வேறு. இரண்டு பாஸ்பேட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருந்தால் டைபாஸ்பேட். ADP எனப்படும் அடினோசின் டைபாஸ்பேட்டில் உள்ளது போல. ஒரே மூலக்கூறின் இரு வேறு இடங்களில் தனித்தனியாக ஒட்டியிருந்தால் பிஸ்பாஸ்பேட், ஃப்ரக்டோஸ்-1,6-பிஸ்பாஸ்பேட் போல. இரண்டு பாஸ்பேட்டுகள் மட்டும் கோத்துத் தனியாக நின்றால் பைரோபாஸ்பேட். பாஸ்பாரிக் அமிலத்தைச் சூடாக்கிப் பெற்றதால் தீயைக் குறிக்கும் "பைரோ" வந்தது. பழைய பாடநூல்கள் ஃப்ரக்டோஸ் டைபாஸ்பேட் என்றே எழுதின. சிவப்பணுவில் ஆக்சிஜனை விடுவிக்க உதவும் 2,3-டிபிஜி-யும் இன்றைய 2,3-பிபிஜி-யும் ஒரே பொருள்தான். பெயர் மட்டும் திருத்தப்பட்டது.

செல்களுக்குச் சக்தி தரும் ஏடிபி-யில் (ATP, அடினோசின் டிரைபாஸ்பேட்) உள்ள பிணைப்பை உடைத்தால் சக்தி வருகிறது என்கிறார்கள். பிணைப்பை உடைக்கச் சக்தி செலவாகத்தானே வேண்டும்?

மிக நல்ல கேள்வி. இதைக் கேட்கும் மாணவர் வேதியியலைச் சரியாகப் படித்திருக்கிறார். எந்தப் பிணைப்பை உடைக்கவும் சக்தி செலவாகத்தான் செய்யும். ஏடிபி விஷயத்திலும் அப்படியே.

ஆனால் அங்கே நடப்பது வெறும் உடைப்பு இல்லை. ஏடிபி-யில் மூன்று பாஸ்பேட்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு வரிசையாக நிற்கின்றன; ஒவ்வொன்றிலும் எதிர்மின்சுமை. ஒன்றையொன்று தள்ளுகின்றன. தண்ணீர் சேர்ந்து கடைசிப் பாஸ்பேட் விலகியதும் அந்த நெருக்கடி குறைகிறது. விலகிய பாஸ்பேட் தன் மின்சுமையை நான்கு ஆக்சிஜன்களிடமும் பரப்பிக்கொண்டு நிம்மதியாகிறது, தண்ணீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து தாங்குகின்றன. புதிதாக உண்டாகும் பிணைப்புகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், உடைக்கச் செலவானதைவிட வரவு அதிகம். அந்த நிகர வரவுதான் நாம் பேசும் சக்தி. திட்ட நிலையில் ஒரு மோலுக்குச் சுமார் 30.5 கிலோஜூல், செல்லுக்குள் உள்ள செறிவுகளில் 50 கிலோஜூலை ஒட்டி வரும்.

ஏடிபி-யை 1929-இல் கார்ல் லோமன் தசையிலிருந்து பிரித்தார். ஃபிஸ்கேவும் சுப்பாராவும் அதே காலத்தில் தனியாகக் கண்டறிந்தார்கள். 1941-இல் ஃபிரிட்ஸ் லிப்மன் "உயர்சக்திப் பாஸ்பேட் பிணைப்பு" என்ற கருத்தை முன்வைத்து அதற்கு ஒரு நெளிகோட்டுக் குறியும் தந்தார். அந்தக் குறி வசதியானது. ஆனால் சக்தி அந்த நெளிகோட்டுக்குள் பூட்டி வைத்திருப்பதுபோல ஒரு பிம்பத்தை அது மனதில் பதித்துவிட்டது. இன்றும் அதைப் பிடுங்குவது எனக்குப் பெரும்பாடு.

இன்னொன்று. ஏடிபி சேமிப்புக் கிடங்கு இல்லை, கைமாறும் காசு. எந்த நொடியிலும் உடலில் இருக்கும் ஏடிபி மிகக் கொஞ்சம். ஆனால் அது உடைந்து சேர்ந்து, உடைந்து சேர்ந்து, ஒரு நாளில் கைமாறும் மொத்த எடை ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்கு வரும். மூச்சு நின்ற சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்படுவது ஏன் என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

கைனேஸ், பாஸ்படேஸ், பாஸ்பரிலேஸ்: யார் என்ன செய்கிறார்கள்?

கைனேஸ் ஏடிபி-யிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து இன்னொன்றின்மீது ஒட்டும். பாஸ்படேஸ் தண்ணீரைக் கொண்டு அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றும். பாஸ்பரிலேஸ் இந்த இரண்டும் இல்லை: தண்ணீர் செய்யும் வெட்டு வேலையைப் பாஸ்பேட்டைக் கொண்டு செய்வது அது. கிளைக்கோஜனிலிருந்து குளுக்கோஸ் அலகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவது இந்த வகை நொதி.

ஒட்டுவதும் கழற்றுவதும் ஒரு புரதத்தை இயக்கவும் நிறுத்தவும் உதவும் சுவிட்ச் என்று 1950-களில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் காட்டினார்கள். 1992-இல் நோபல் பரிசு கிடைத்தது. மனித மரபணுத் தொகுதியில் 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அணைக்க முடியாத சுவிட்சாக மாறினால் வருவதுதான் நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். அந்த ஒரு கைனேஸின் ஏடிபி இடத்தை அடைத்து நிறுத்தும் இமாடினிப் 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருந்த நோயாளிகள் தினம் ஒரு வேளை மருந்தோடு வாழத் தொடங்கினார்கள். பாஸ்பேட் வேதியியல் மனிதருக்குச் செய்த உபகாரங்களில் இதை நான் முதலில் வைப்பேன்.

சிபிகே பரிசோதனையில் உள்ள "பி" என்ன?

பாஸ்போ. கிரியாட்டின் பாஸ்போகைனேஸ் என்பதன் சுருக்கம். தசை சேதமானால் ரத்தத்தில் உயரும். ரத்தப் பாஸ்பரஸ் அளவோடு இதற்குத் தொடர்பில்லை.

ஆல்கலைன் பாஸ்படேஸ் கூடியிருக்கிறது. கல்லீரல் கெட்டுவிட்டதா?

அப்படிச் சொல்ல முடியாது. இந்த நொதி கல்லீரலின் பித்தநாளங்களிலும் எலும்பிலும் குடலிலும் நஞ்சுக்கொடியிலும் இருக்கிறது. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு வளர்வதால் கூடும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடியால் கூடும். இரண்டும் நோய் இல்லை. எங்கிருந்து வருகிறது என்று தெரிய மருத்துவர் ஜிஜிடி என்ற இன்னொரு நொதியைப் பார்ப்பார்: அதுவும் கூடியிருந்தால் கல்லீரல், பித்தப்பாதை பக்கம் சந்தேகம்; அது சரியாக இருந்தால் எலும்புப் பக்கம் பார்வை திரும்பும்.

குறைந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை, அதையும் பார்க்க வேண்டும். ஹைபோபாஸ்படேசியா என்ற பிறவிக் குறைபாட்டில் இந்த நொதி குறைவதால் பைரோபாஸ்பேட் தேங்கி, எலும்பில் சுண்ணாம்பு படிவதைத் தடுக்கிறது. பால்பற்கள் வேரோடு சீக்கிரமே விழுவது அதன் அடையாளங்களில் ஒன்று.

பாஸ்போலிப்பிட் நல்லது என்கிறார்கள். அப்படியானால் "ஆன்டிபாஸ்போலிப்பிட்" என்றால் என்ன?

பாஸ்போலிப்பிட் என்பது தலையில் பாஸ்பேட்டும் காலில் இரண்டு கொழுப்பு வால்களும் கொண்ட மூலக்கூறு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. அதனால் தண்ணீரில் போட்டால் தானாகவே இரட்டை அடுக்காக அடுக்கிக்கொள்ளும். செல்லைச் சூழ்ந்திருக்கும் சவ்வு அப்படித்தான் உருவாகிறது. நுரையீரலின் காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பதும் ஒரு பாஸ்போலிப்பிட் பூச்சுதான். குறைமாதத்தில் பிறக்கும் சிசுக்கள் மூச்சுக்குத் திணறுவது இந்தப் பூச்சு போதாததால் என்று 1959-இல் மேரி எல்லன் ஏவரியும் ஜியர் மீடும் காட்டினார்கள். 1980-இல் ஜப்பானில் புஜிவாராவின் குழு அதை வெளியிலிருந்து கொடுத்துக் குழந்தைகளைக் காப்பாற்றியது.

ஆன்டிபாஸ்போலிப்பிட் நோயில் உடலின் எதிர்ப்பொருள்கள் பாஸ்போலிப்பிட்டோடு ஒட்டிய புரதங்களைத் தாக்குகின்றன. ரத்தம் தேவையில்லாத இடத்தில் உறைகிறது. காலில் உறையலாம், மூளையில் உறையலாம். அடுத்தடுத்துக் கரு கலைந்த பெண்களுக்கு இந்தச் சோதனை செய்வது இதனால்தான். ஒரு முறை பாசிட்டிவ் வந்தால் போதாது. குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பார்த்து உறுதிசெய்வார்கள். காய்ச்சல் போன்ற தொற்றுகளின்போது இது தற்காலிகமாக வந்து போகும்.

இதில் இரண்டு முரண்கள் உண்டு. சோதனைக் குழாயில் இந்த எதிர்ப்பொருள்கள் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும், உடலுக்குள் உறையவைக்கும். குழாயில் சேர்க்கும் பாஸ்போலிப்பிட்டை அவை மறைத்துவிடுவதே காரணம். ரிப்போர்ட்டில் "உறைவு நேரம் அதிகம்" என்று பார்த்து ரத்தக்கசிவு நோய் என்று நினைப்பது நேர் எதிரான முடிவு. இரண்டாவது, சிபிலிஸுக்குச் செய்யும் விடிஆர்எல் சோதனை. அதில் பயன்படுவது மாட்டு இதயத்திலிருந்து பிரித்த கார்டியோலிப்பின் என்ற பாஸ்போலிப்பிட். எனவே ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் உள்ளவருக்கு சிபிலிஸ் இல்லாமலே விடிஆர்எல் பாசிட்டிவ் வரலாம். இந்த ஒரு தாளைப் பார்த்துக் குடும்பத்தில் சந்தேகம் கிளம்பி மனம் உடைந்தவர்களை நான் அறிவேன். உறுதிசெய்யும் சோதனை வரும்வரை யாரையும் ஒரு சொல் சொல்லக் கூடாது.

எலும்புத் தேய்மானத்துக்கு பிஸ்பாஸ்போனேட் கொடுத்தார்கள். அதற்கு மட்டும் ஏன் இத்தனை விதிமுறை?

வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு, அதன்பின் அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல். கெடுபிடியாகத் தெரியும். ஆனால் காரணம் இருக்கிறது. இந்த மருந்து குடலில் நூற்றில் ஒரு பங்குகூட உறிஞ்சப்படுவதில்லை. பாலோ கால்சியம் மாத்திரையோ கூட இருந்தால் அதோடு ஒட்டிக்கொண்டு அந்தச் சொற்பமும் போய்விடும். படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும்.

இது வந்த கதையும் நன்றாக இருக்கும். எலும்பைத் தவிர மற்ற இடங்களில் சுண்ணாம்பு படியாமல் பைரோபாஸ்பேட் காக்கிறது என்று 1960-களில் ஹெர்பர்ட் ஃப்ளைஷ் குழுவினர் கண்டார்கள். அதை மருந்தாகக் கொடுத்தால் குடலிலேயே பாஸ்படேஸ் வெட்டிவிட்டது. சரி, நடுவில் உள்ள ஆக்சிஜனை எடுத்துவிட்டுக் கார்பனை வைத்தால்? வெட்டுப்படவில்லை. அதுதான் பிஸ்பாஸ்போனேட். எலும்பில் போய் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் தங்கும்; எலும்பைத் தின்னும் செல்களை அடக்கும்.

அரிதாக, அதிலும் பெரும்பாலும் புற்றுநோய்க்கு ஊசியாக அதிக அளவு பெறுபவர்களுக்கு, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளை பாஸ்பரஸ் புகையில் வேலை செய்த தீப்பெட்டித் தொழிலாளர்களின் தாடையும் இப்படித்தான் அழுகியது. 1906-இல் பெர்ன் ஒப்பந்தம் அந்தத் தீக்குச்சியைத் தடைசெய்தது. மருந்தைத் தொடங்கும் முன் பல் வேலையை முடித்துக்கொள்வது நல்லது. தொடங்கியபின் என்றால் பல் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மாத்திரைப் பெயரின் கடைசியில் "பாஸ்பேட்" என்று இருந்தால் என் பாஸ்பரஸ் கூடுமா?

கூடாது. குளோரோகுயின் பாஸ்பேட் போன்றவற்றில் அது மருந்தோடு சேர்ந்த உப்பு மட்டுமே. அளவு மிகச் சொற்பம். டெக்ஸாமெத்தசோன் சோடியம் பாஸ்பேட், ஃபாஸ்பெனிடோயின் போன்ற ஊசிகளில் மருந்து தண்ணீரில் கரைவதற்காகப் பாஸ்பேட்டை ஒட்டியிருப்பார்கள். உடலுக்குள் போனதும் பாஸ்படேஸ் அதைக் கழற்றிவிடும். மலச்சிக்கலுக்கோ குடலைச் சுத்தம் செய்யவோ தரும் சோடியம் பாஸ்பேட் மட்டும் வேறு: அதில் அளவு பெரியது. சிறுநீரகம் பலவீனமானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

சிறுநீரக நோயாளிக்கு ஏன் பாஸ்பரஸைக் குறைக்கச் சொல்கிறார்கள்?

மிச்சத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது தளர்ந்தால் பாஸ்பேட் தேங்கும். பாராதைராய்டு ஹார்மோன் ஏறும், எலும்பு கரையும், ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியும். தாங்க முடியாத அரிப்பும் வரலாம்.

எல்லா உணவிலும் உள்ள பாஸ்பேட் ஒன்றுபோல உடலில் சேராது. பருப்பு, முழுத்தானியங்களில் பெரும்பகுதி ஃபைட்டேட்டாகப் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கும் நொதி நம் குடலில் போதிய அளவு இல்லை. பதப்படுத்திய இறைச்சியிலும் சீஸிலும் கோலா பானங்களிலும் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகளும் பாஸ்பாரிக் அமிலமும் ஏறக்குறைய முழுதாக உறிஞ்சப்படும். பருப்பை அஞ்சி ஒதுக்கிவிட்டு பாக்கெட் உணவைச் சாப்பிடுபவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்.

செவலமர், கால்சியம் அசிடேட் போன்ற பாஸ்பேட் பிடிக்கும் மருந்துகளைச் சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். உணவில் உள்ளதைக் குடலிலேயே பிடித்து வைப்பதுதான் அவற்றின் வேலை. வெறும் வயிற்றில் போட்டால் பிடிக்க எதுவும் இருக்காது.

குறைந்தால் என்ன ஆகும்?

நீண்ட நாள் பட்டினி கிடந்தவருக்கு எடுத்த எடுப்பில் நிறையச் சாப்பாடு கொடுப்பது ஆபத்து. இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் இருக்கும் கொஞ்சப் பாஸ்பேட்டையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். ஏடிபி செய்யப் பொருள் இல்லாமல் மூச்சுத் தசையும் இதயமும் தளரும். இரண்டாம் உலகப் போரில் பட்டினியிலிருந்து மீட்கப்பட்ட கைதிகள் சிலர் சாப்பிடத் தொடங்கியபின் இறந்ததிலிருந்து மருத்துவம் கற்ற பாடம் இது. இப்போது குறைவாகத் தொடங்கி, பாஸ்பேட்டை தினமும் அளந்து, மெல்ல ஏற்றுவார்கள்.

பரம்பரையாக வரும் ஒரு வகை ரிக்கெட்ஸும் (எலும்பு மெலிந்து வளையும் நோய்) உண்டு. எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோன் மிகுந்து சிறுநீரில் பாஸ்பேட் போய்க்கொண்டே இருக்கும். வெறும் வைட்டமின் டி கொடுத்தால் இது சரியாகாது.

உயிருக்கு இவ்வளவு தேவையான பாஸ்பேட், பூச்சிமருந்தில் எப்படி நஞ்சாகிறது?

ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள், நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியில் தங்கள் பாஸ்பரஸ் பகுதியை ஒட்டி அதை முடக்குகின்றன. செய்தி ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும்: எச்சில் ஒழுகும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், நெஞ்சில் சளி நிரம்பும், தசை துடித்துப் பின் செயலிழக்கும். அட்ரோபின் இதில் பெரும்பகுதியைத் தணிக்கும். பிராலிடாக்ஸிம் நொதியில் ஒட்டியதைக் கழற்றப் பார்க்கும். நேரம் போகப் போக, ஒட்டிய பாஸ்பரஸ் தன் பக்கக் கிளை ஒன்றை உதிர்த்துவிட்டு நொதியோடு இறுகிவிடும். அதன்பின் எந்த மருந்தாலும் அதைக் கழற்ற முடியாது. உடல் புது நொதி செய்யும்வரை காத்திருக்க வேண்டும்.

அலுமினியம் பாஸ்பைடுக்கு மாற்றுமருந்தே இல்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை உள்ளே போனால் முதல் ஒன்றிரண்டு நாள் ஆள் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்து, பிறகு கல்லீரல் செயலிழக்கலாம். "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். எந்த நஞ்சானாலும் வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். மேலே பட்ட துணியைக் கழற்றி உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவலாம். கழுவுபவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். அதற்காகக் கிளம்பத் தாமதிக்க வேண்டாம். டப்பாவையோ அதன் லேபிளையோ கையோடு எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே போனது பாஸ்பேட்டா, பாஸ்பைடா, பாஸ்பரஸா என்பதை அந்த லேபிள் மருத்துவருக்கு உடனே சொல்லிவிடும்.